ஆஃப்சைடு தெரியாத சாம்பியன்

கார்த்திகேசன் மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் ஆபரேட்டர். பாத்திகளுக்கு உப்புநீர் ஏற்றிவிடுவது வேலை. புதுச்சேரியில் கல்லூரி டீமுக்கு லெஃப்ட் பேக் ஆடியவன். உடன் ஆடியவர்களோடு சேர்ந்து ஒன்பது வருஷமாக போனில் ஃபேன்டஸி ஃபுட்பால் ஆடுகிறான். இங்கிலாந்து லீக் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஆளுக்கொரு டீம் அமைத்துக்கொள்ள வேண்டும்; நிஜ மேட்சில் அந்த ஆட்டக்காரர்கள் போடும் கோலுக்குப் பாயிண்ட், கேப்டனாகக் குறித்தவனுக்கு இரட்டிப்பு.

முதல் ஆறு வருஷத்தில் ஐந்து தடவை அவன்தான் முதலிடம். ஒரு மேட்ச் விடமாட்டான். யாருக்கு முட்டி வலி, எந்தக் கோச் யாரை உட்காரவைப்பார் என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். நண்பர்கள் கேட்டால் பாதிதான் சொல்வான்.

பிறகு மனைவி ஜெயப்ரியாவின் தம்பி அரவிந்தன் குழுவில் சேர்ந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன். ஃபுட்பாலில் ஆஃப்சைடு விதி என்றால் என்னவென்றுகூடத் தெரியாது. ஏதோ ஒரு இணையதளம் வாராவாரம் சொல்லும் டீமை அப்படியே போட்டான். இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்தான்.

"என் தம்பிக்கு மூளை" என்று ஜெயப்ரியா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னாள். கார்த்திகேசனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் அவனும் யாருக்கும் தெரியாமல் அதே தளத்தைப் பார்க்க ஆரம்பித்தான். கடைசி வாரத்தில் இருவருக்கும் சமமான பாயிண்ட். டீமும் ஏறக்குறைய ஒன்றே. கேப்டன் மட்டும் வேறு. ஞாயிறு மத்தியானம் அரவிந்தன் மீன்குழம்பு சாப்பிட வந்தபோது, கார்த்திகேசன் கூசாமல் ஒரு பொய் சொன்னான்.

"மாப்ள, உன் கேப்டனுக்குத் தொடையில அடியாம். இன்னிக்கு ஆட மாட்டான். மாத்திடு."

அரவிந்தன் இடது கையால் போனைத் தடவினான். இரண்டு விநாடி.

"இல்ல மாமா, ஃபிட்டுன்னு போட்டிருக்கான். நீங்க பழைய நியூஸ் பாத்திருப்பீங்க."

சந்தேகம்கூடப் படவில்லை. முன்பெல்லாம் கார்த்திகேசன் சொன்னால் சொன்னதுதான். இப்போது அவன் பொய்க்குக்கூட மதிப்பில்லை.

ராத்திரி அவனுடைய கேப்டன் இரண்டு முறை அடித்தும் பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அரவிந்தனின் கேப்டன் திரும்பி நின்றுகொண்டிருந்தான். யாரோ அடித்த பந்து அவன் முதுகில் பட்டு உள்ளே போனது. அதுவும் கோல்தான்.

அரவிந்தன் மேட்ச் பார்க்கவில்லை; பிரம்மதேசத்தில் ஒரு ரிசப்ஷனில் இருந்தான். ஜெயப்ரியா கட்டாயப்படுத்தியதால் கார்த்திகேசனே போன் செய்தான்.

"நீதாண்டா ஃபர்ஸ்ட்டு."

"அப்படியா மாமா? கோல் எப்படிப் போட்டான்?"

"முதுகுல பட்டு போச்சு. சும்மா லக்கு."

"உங்களுது எப்படி மாமா போச்சு?"

"கம்பத்துல பட்டுடுச்சு."

"ஐயோ. சரி மாமா, பந்திக்குக் கூப்பிடறாங்க."

போனை வைத்த பிறகும் அவனுக்கு ஆறவில்லை. காப்பியடித்து ஜெயித்தான் என்று சொல்லவும் வழியில்லை. தானும் அங்கேதானே பார்த்தான். இரண்டு மணிநேரம் டிவி முன்னால் உட்கார்ந்து நகம் கடித்தவன் கார்த்திகேசன். அரவிந்தனோ இந்நேரம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். தோற்றதைவிட அந்த நிம்மதிதான் அவன் வயிற்றை அதிகம் எரித்தது.