சரியான பதில்களை நம்பாதவர்

சரியான பதிலைக் கேட்டால் பேராசிரியரின் முகம் சுருங்கிவிடும். அன்று வழக்கறிஞரின் அறையில் நன்றாகவே சுருங்கியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த தையற்காரர், தான் ஏற்றுக்கொண்ட புதிய மதத்தின் வேதம், விரதம், வழிபாட்டு நேரம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டார்.

"பின்னிட்டாரு சார். பத்து நாளா உருப்போட வெச்சேன்" என்றார் வழக்கறிஞர்.

"அதான் பயமா இருக்கு."

மதத்தை வைத்து வல்லரசுகள் ஆடும் ஆட்டத்தைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதியவர் பேராசிரியர். எந்த அரசு யாருடைய வழிபாட்டு இடத்தைப் பூட்டும், எண்ணெய் விலை ஏறினால் எந்த நாடு அதைக் கண்டுகொள்ளாது என்று வரைபடத்தில் விரல் வைத்துச் சொல்வார். தூதர்கள் பயபக்தியோடு குறிப்பெடுத்துக்கொண்டு போய் நேர்மாறாகச் செய்வார்கள். எந்த வழிபாட்டுக்குப் போனாலும் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு கதவோரமாக உட்காருவார். நுழைந்த வழியே வெளியேற முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு எந்த மதத்திலும் ஏற்படவில்லை. அவருடைய மதம் எது என்று கேட்டால், "அது என் சப்ஜெக்ட் இல்ல" என்பார். "கல்யாணமான நாள்லேருந்து எனக்கும் அதே பதில்தான்" என்பது மனைவியின் சாட்சியம்.

இப்போது பாதி நாள் அடைக்கல வழக்குகளில் போகிறது. மதம் மாறியதால் சொந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து என்று ஓடிவந்தவர்களின் மாற்றம் நிஜமா, நடிப்பா என்று இவர் கருத்து எழுத வேண்டும். "பொய் சொல்றவன் படிச்சிட்டு வருவான். நிஜமா மாறினவனுக்குப் படிக்க ஏது நேரம்? வீட்ல சண்டை போடவே சரியா இருக்கும்" என்பது அவர் கட்சி. ஆகவே சாமியைப் பற்றிக் கேட்கமாட்டார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்.

தையற்காரரிடமும் கேட்டார். பேராசிரியரின் கருத்து பாதகமானால் அடுத்த வாரமே அவரை விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"நீங்க மாறினது தெரிஞ்சப்புறம் வீட்ல எப்படிச் சாப்பிட்டீங்க?"

தையற்காரர் ஒப்பிக்கும் குரலை விட்டார். "அம்மா எனக்குத் தனித் தட்டு வெச்சுட்டாங்க சார். கூட யாரும் உக்கார மாட்டாங்க."

"எந்த மாதிரி தட்டு?"

"விருந்தாளிக்கு எடுக்கற தட்டு. வீட்லயே அதான் நல்ல தட்டு."

வழக்கறிஞர் பதறிப்போனார். "அந்த 'நல்ல' வேணாமே சார். நாம கொடுமைம்போம், அரசு வக்கீலுங்க ராஜ உபசாரம்பாங்க. தனித் தட்டுன்னு மட்டும் இருக்கட்டுமே."

"இத எவன்யா உருப்போட்டுட்டு வருவான்?"

பேராசிரியர் எழுத ஆரம்பித்திருந்தார். 'நல்ல' என்ற சொல்லுக்கு அடியில், தாள் கிழியும் அளவுக்கு ஒரு கோடு போட்டார்.