நடைபாதையில் பாதிக் கார்

பக்கவாதம் வந்து சில மாதங்கள் கழித்து, யாருடைய துணையும் இல்லாமல் நான் முதன்முறையாக வீட்டுக் கேட்டைத் தாண்டினேன். கையில் தொங்காட். கீழே நாலு கால் வைத்த அலுமினியக் கைத்தடி அது. இடது கால் இன்னும் என் பேச்சை முழுதாகக் கேட்கவில்லை. இழுத்து இழுத்துத்தான் வைக்க வேண்டும். மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "ஆன்டி, வீட்டுக்குள்ளயே சுத்தினா பத்தாது. வெளிய நடக்கணும். டெய்லி நடக்கணும்."

வெளியே நடப்பதற்கு எங்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. கிள்ளானில் நாங்கள் இருப்பது பழைய வரிசை வீடு. வீடுகளை ஒட்டியே நடைபாதை. சிவப்புக் கல் பதித்து, சாலையைவிட உயர்த்திக் கட்டியிருந்தார்கள். வரிசையின் கோடியில் ஒரு மளிகைக் கடை. அதுவரை போய்த் திரும்பினால் எனக்கு அந்த நாளுக்குப் போதும்.

ஆனால் பக்கத்து வீட்டையே என்னால் தாண்ட முடியவில்லை.

நடைபாதையை உயர்த்தியதும் கார்கள் வீட்டுக்குள் ஏற முடியாமல் போயின. ஒவ்வொரு வீட்டாரும் கல் விளிம்பில் சிமெண்டைக் கொட்டி அவரவருக்கு ஒரு சறுக்கு கட்டிக்கொண்டார்கள். கார்கள் ஏறி ஏறிப் பல இடங்களில் கல் உள்ளே இறங்கிவிட்டது. சில வீடுகளில் கார் உள்ளே போவதே இல்லை, நடைபாதை மேலேயே நின்றுவிடும். நல்ல கால் இருக்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சாலையில் இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு, மறுபடி ஏறிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பி விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். கார் நிறுத்தும் போர்ச்சை மூடி அதைச் சமையலறையாக்கிவிட்டார். அதனால் அவருடைய வேன் நடைபாதையை முழுதாக மறித்துக்கொண்டு நின்றது. நான் சாலையில் இறங்கினேன். போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிற லோரிகள் நெரிசலுக்குப் பயந்து எங்கள் சாலைக்குள் புகுந்துவிடும். அப்படி ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது. பதறிப்போய் மேலே ஏறப் பார்த்தேன். இடது கால் ஏறவில்லை. சிமெண்டுச் சறுக்கின் மேல் அப்படியே விழுந்தேன்.

அடுப்பை விட்டு ஓடிவந்து என்னைத் தூக்கியவர் அந்தத் தம்பிதான். முட்டியில் ரத்தத்தைத் துடைத்து, மருந்து போட்டு, வீடுவரை கொண்டுவந்து விட்டார். நான் மருத்துவமனையில் கிடந்தபோது என் கணவருக்குத் தினமும் சாப்பாடு கொடுத்தவரும் அவர்தான். அவரிடம் போய் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே போனேன்.

"தம்பி, வேன கொஞ்சம் வேற எடத்துல போட முடியுமா? நான் நடக்கணும்."

"எங்க போடுறது அக்கா? ரோட்ல போட்டா சமன் போட்டு அபராதம் கேக்குறான்." கொஞ்சம் தயங்கினார். பிறகு மெதுவாக, "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக் காரும் பாதி வெளியதானே நிக்குது. மொத அங்க கேளுங்களேன்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் காரின் பின்பக்கம் கேட்டைத் தாண்டி நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் பார்த்த கார்தான். அன்றுதான் அது எங்கே நிற்கிறது என்பது என் கண்ணில் பட்டது.

என் கணவர் துறைமுகத்துக் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அன்று வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன்.

"கார முழுசா உள்ள போடுங்க."

"உள்ள எங்க எடம் இருக்கு? பின்னாடி கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதானே. ஆள் போற வழி இருக்கு லா."

"எனக்கு இல்ல."

"ரோட்ல எறங்கி ஏறேன்."

"எறங்கித்தான் விழுந்தேன். இனிமே எறங்க மாட்டேன்."

அவர் யோசித்தார். "சரி, பாடாங்ல நட. சாயந்தரம் கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றார். பக்கத்துத் திடலைத்தான் சொன்னார். அன்போடுதான் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது.

"நடக்குறதுக்கு எனக்குக் கார் வேணுமா? வாசல்லயே பாதை இருக்கு. அதுல நடக்குறேன்."

அவர் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வரும் நேரத்துக்கு நான் கேட்டுக்கு வெளியே போய், நடைபாதையின் நடுவில் தொங்காட்டை ஊன்றி நின்றேன். கார் வந்தது. என்னைப் பார்த்து அவர் லேசாக ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"என்னம்மா இது? தள்ளு."

"முழுசா உள்ள போகுதுன்னா தள்றேன்."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

பக்கத்து வீட்டுத் தம்பி கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார். எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். காருக்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்று ஹாரன் அடிக்கத் தொடங்கியது. கால் எப்போது மடங்குமோ தெரியாது. கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய், திடல் ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வீட்டுக்குள் நுழையும்போது என்னிடம் பேசவில்லை.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. திடலிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தார். துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுத்துவிட்டால் நான் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அவருக்கு ஓய்வு நாள் வந்தது. காலையில் அவர் பேப்பரில் மூழ்கியிருந்தபோது நான் போர்ச்சுக்குப் போனேன். கார் உள்ளே போகாததற்குக் காரணம் அங்கேதான் இருந்தது. ஓடாத வாஷிங் மெஷின், துருப்பிடித்த இரும்பு அலமாரி, என்றாவது உதவும் என்று சேர்த்து வைத்த பலகைகள், மகள் சின்ன வயதில் ஓட்டிய சைக்கிள், பெரிய கண்ணாடி மீன் தொட்டி ஒன்று. சைக்கிளின் ஹேண்டில்பாரை நல்ல கையால் பிடித்து இழுத்தேன். அது பலகைகளைத் தட்டிவிட, எல்லாம் சடசடவென்று சரிந்தன.

அவர் ஓடிவந்தார். "விடு. உன்னால முடியாது."

"அப்ப நீங்க தூக்குங்க."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பலகைகளை எடுக்க ஆரம்பித்தார். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எது போகலாம், எது இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பூச்சோங்கில் இருக்கும் மகளுக்குப் போன் செய்ததும், மருமகன் ஒரு சின்ன லோரியை ஏற்பாடு செய்துகொண்டு வந்தார். வாஷிங் மெஷின் போனது. அலமாரி போனது. மீன் தொட்டியில் வந்து எல்லாம் நின்றுவிட்டது. ஓய்வு பெற்றபின் அரவானா மீன் வளர்க்க வேண்டும் என்று அவர் ஆசையாக வாங்கி வைத்தது அது. டேப் வைத்து அளந்தார். தொட்டி இருந்தால் கார் ஒரு முழம் வெளியே நிற்கும். மறுபடி அளந்தார்.

"அப்பா, நான் எங்க வீட்ல வச்சுக்கறேன். நீங்க வந்து வளருங்க" என்றாள் மகள்.

அவர் தொட்டியின் கண்ணாடியை ஒரு துணியால் துடைத்தார். பிறகு மருமகனோடு சேர்ந்து தூக்கினார்.

மாலையில் காரை உள்ளே கொண்டுவந்து, வீட்டுக் கதவுக்குச் சற்று முன்னால் நிறுத்தி, கேட்டை இழுத்தார். பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் கேட்டை முழுதாகச் சாத்த முடிந்தது. வெளியே போய் நடைபாதையில் நின்று பார்த்தார்.

"இப்ப சரியா?"

"கல்லு எறங்கிக் கெடக்கு. தொங்காட் மாட்டிக்குது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளில் அன்றுதான் சிரித்தார். அடுத்த ஓய்வு நாளில் மணல் வாங்கி வந்து, அமுங்கிய கற்களைப் பெயர்த்து, அவரே சமமாகப் பதித்தார்.

அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுக்கு மறுபடி போனேன். இந்த முறை அந்தத் தம்பியால் எங்கள் வீட்டைச் சுட்டிக்காட்ட முடியவில்லை.

"கிச்சன ஒடைக்க முடியாது அக்கா. அதுதான் என் பொழப்பு."

"ஒடைக்கச் சொல்லல. நான் நடக்குற நேரத்துக்கு வேன் அங்க இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

"வேணும்னா மஜ்லிஸ்ல கம்ப்ளேன் பண்ணிக்குங்க."

நகராண்மைக் கழகத்துக்கு நான் போகவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தியவர் மேல் எப்படிப் புகார் கொடுப்பது? ஒவ்வொரு மாலையும் வேனுக்கு முன்னால் போய் நின்று அவரைக் கூப்பிட்டேன். மாவுக் கையோடு சாவி எடுத்துக்கொண்டு வருவார். முணுமுணுத்துக்கொண்டே வேனை எடுப்பார். நான் கடந்து போவேன். திரும்பி வரும்போதும் அப்படித்தான்.

"டெய்லி இதே வேலையா அக்கா?" என்று ஒருநாள் சத்தமே போட்டுவிட்டார்.

"நான் டெய்லி நடக்குறேனே தம்பி."

எங்களுக்குள் பேச்சு கசந்துதான் போனது. எங்கள் காரை உள்ளே போட்டுவிட்டதால் இப்போது நான் ஊருக்கே சட்டம் போடுவதாக வரிசையில் சிலர் சொன்னதும் காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. கடைசியில் தம்பியே மளிகைக் கடைக்காரரிடம் பேசி, கடையின் பக்கவாட்டில் இருந்த காலி இடத்தில் மாலை நேரத்துக்கு வேனை நிறுத்த ஏற்பாடு செய்துகொண்டார். பெரிய விருந்து இருக்கும் நாட்களில் மட்டும் அது பாத்திரம் ஏற்ற வாசலிலேயே நிற்கும். அன்று நான் கடைப் பக்கம் போகாமல் எதிர்த்திசையில் நடப்பேன். தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு வந்தது, எங்கள் வீட்டுப் பலகாரம் போனது. பழைய கலகலப்பு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. திரும்பும் என்று நினைக்கிறேன்.

வழியிலிருந்த மற்ற வீடுகளிலும் இப்படியே கேட்டுக் கேட்டு, இப்போது கிட்டத்தட்ட மளிகைக் கடை வரை போய் வருகிறேன். இடையில் ஒரு வீடுதான் பாக்கி. புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி, பெரிய வண்டி, நடைபாதை மேலேயே நிற்கிறது. நேற்று அவர்கள் வீட்டு மணியை அடித்தேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பார்க்கலாம் ஆன்டி என்றார்கள். இன்று மாலை மறுபடி போகிறேன்.