தோணிப் பலகையில் ஒரு பெஞ்சு

தச்சுவேலை தொழிலாக அமைந்தால் சோறு போடும். ஆசையாகப் பிடித்துக்கொண்டால் சோறு தின்னும் நேரத்தில் ஏச்சு வாங்கித் தரும். ஞாயிற்றுக்கிழமை உளியை எடுத்து, திங்கட்கிழமை விரலில் துணி சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போகும் என் இனத்து அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள்தான் பெருமூச்சு விடுவீர்கள்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நான் குமாஸ்தா. பழைய கப்பல் சாமான்களை ஏலம் விட்ட இடத்தில் ஒரு தச்சுப் பெட்டியைக் கண்டு மயங்கி, எடுத்து வந்துவிட்டேன். ரம்பம், உளி, இழைப்புளி, மூலைமட்டம் எல்லாம் இருந்தன. வேலை தெரிந்த கை மட்டும் பெட்டியில் இல்லை.

என் மனைவி பொன்னுத்தாய் ஆத்தூர்க்காரி. மாமனாருக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால், மூன்று பெண்கள். மூத்தவளை என் தலையில் கட்டிவிட்டு, அடுத்தவள் செல்லக்கனிக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். கடைக்குட்டி முத்துக்கனியின் முறை அதற்கப்புறம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய நாட்கள். கிளம்பிய பஸ் போய்ச் சேருமா என்பது டிரைவருக்கே தெரியாது. வருகிற மாப்பிள்ளைகளோ எல்லாம் தூத்துக்குடிக்காரர்கள். ஆகவே செல்லக்கனியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டு, பெண் பார்க்கும் படலத்தை என் பொறுப்பில் இங்கேயே வைத்துக்கொள்ள ஏற்பாடு. அவள் தலையெழுத்தும் என் இழைப்புளியும் மோதிக்கொண்டது இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை வாசம்

பர்மா தேக்கு வருவது நின்றுபோயிருந்தது. கொழும்புக்குக் கருவாடு ஏற்றும் மரப்பெட்டிகள் சில உடைந்து ஆபீசுக் கிடங்கில் கிடந்தன. அந்தப் பலகைகளைக் கழுவி, வெயிலில் போட்டு, இழைத்து, வார்னிஷ் அடித்து ஓர் அலமாரி செய்தேன். மூக்கை ஒட்டவைத்து மோந்து பார்த்தேன். வார்னிஷ் வாடை தவிர வேறொன்றும் இல்லை. தெருப் பூனைகளுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. அலமாரி முன்னால் வரிசையாக வந்து உட்கார்ந்து, கதவு எப்போது திறக்கும் என்று காத்திருந்தன.

பொன்னுத்தாய் பெரிய மனது பண்ணி, தங்கச்சியின் பட்டுச்சேலையை அதில் வைத்தாள். பெண் பார்க்க வந்த அன்று வெள்ளிக்கிழமை. செல்லக்கனி அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, மாப்பிள்ளையின் தாயார் முன்னால் குனிந்து கும்பிட்டாள். அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினார். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். மறுபடியும் உறிஞ்சினார். பிறகு பொன்னுத்தாயிடம் கேட்டார்: "நல்ல காரியம் பேச வந்திருக்கோம். வெள்ளிக்கிழமையும் அதுவுமா கருவாடா பொரிக்கிய?"

என் அளவு நாற்காலி

அடுத்த இடம் வருவதற்குள் கௌரவமாக ஒரு கைவைத்த நாற்காலி செய்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. மரம் பனை. அறுத்து முடிப்பதற்குள் ரம்பத்தின் பற்கள் மொட்டையாகிவிட்டன. அளவு யாரிடம் எடுப்பது? வீட்டில் சும்மா நின்றுகொண்டிருந்த உடம்பு என்னுடையதுதான். முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டியதுபோல் இருப்பேன். எனக்கு அந்த நாற்காலி கச்சிதமாக இருந்தது.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் பெரியப்பா மண்டிக்காரர். அரிசி மூட்டைக்கு அண்ணன் மாதிரி உடம்பு. மரியாதை கருதி அவரை அதில் உட்கார்த்தினேன். உட்காரும்போது 'உம்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவருடையதா, நாற்காலியுடையதா என்று தெரியவில்லை. காப்பி குடித்து முடித்து எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. மாப்பிள்ளை முன்னால் நின்று அவர் கையைப் பிடித்து இழுக்க, நான் பின்னால் நின்று நாற்காலியை இழுத்தேன். பனை உடைகிற மரமில்லை என்று நான் பெருமைப்பட்டிருந்ததெல்லாம் வினையாக முடிந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற செல்லக்கனிக்குச் சிரிப்பு பீறிட்டு, வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பெரியப்பா தோளுக்கு மேலாக என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "சீர்வரிசையக் கல்யாணம் முடிஞ்ச பெறவு அனுப்புனாப் போதும் அண்ணாச்சி. இப்பமே எதுக்குக் கூட அனுப்புதிய?"

பெட்டிக்கு வந்த கண்டம்

இரண்டு வீட்டிலிருந்தும் பதிலே வரவில்லை. செல்லக்கனி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. மறுநாளும் எனக்குச் சோறு போட்டு, சட்டியில் இருந்த பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையோடு விளையாடுகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அதே சமயம், உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நாற்காலியை இன்னும் நாலு விரல் அகலமாகச் செய்திருக்கலாமே என்றும் தோன்றிக்கொண்டிருந்தது.

பொன்னுத்தாய்க்கு என் மனசின் இரண்டாவது பாதிதான் எப்போதும் கண்ணில் படும். தச்சுப் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து என் இலைக்கு முன்னால் நிறுத்தினாள். "இன்னும் ஒரு எடம் ஒங்களால தட்டிப்போச்சுன்னா, இந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போயி நானே கடல்ல போட்டுருவேன். பின்னாலயே குதிச்சு எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க!"

சூசை கொடுத்த பலகை

என் பக்கத்து மேஜைக் குமாஸ்தா சூசை. அவன் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய தோணி ஒன்றைக் கரையில் ஏற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாமான் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் நடந்து நடந்து கிழடான தோணி. ஒரு பலகையைத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. "ஒரு பெஞ்சு, ஒரே ஒரு பெஞ்சு. வருகிறவர்கள் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும்" என்று கெஞ்சினேன். வண்டியில் ஏற்றிவிட்டு, அந்தப் பலகையைத் தடவிக்கொடுத்தபடி சூசை சொன்னான்: "எத்தனையோ புயலுக்குத் தப்பி வந்த பலகை வே இது. ஒம்ம கையில மாட்டியா முங்கணும்?"

மூன்றாவது இடம்

கச்சான் என்னும் மேல்காற்று வறண்டு வீசிய மாதத்தில் பெஞ்சு முடிந்தது. வார்னிஷ் அந்தச் சமயம் கடையில் கிடைக்கவில்லை. வெறும் பலகையாகவே விட்டேன். ஆடவில்லை. மணக்கவில்லை. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. பொன்னுத்தாய் உட்கார்ந்து பார்த்து, "பரவாயில்லையே, ஒழுங்கா நிக்கே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் நான் வாங்கிய பெரிய பட்டம் அதுதான்.

ஐப்பசியில் மூன்றாவது இடம் வந்தது. காலையில் பெய்த மழை விட்டு, வானம் மூடிக்கிடந்தது. மாப்பிள்ளை, அவன் அப்பா, தாய்மாமன் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தாயார் பெண்களோடு உள்ளே போனார். அப்பா எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்: "முத்தையாபுரத்துல இன்னொரு பொண்ணு பாக்கணும். காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பிருவோம்." முந்தைய இரண்டு கதையும் அவர் காதுக்குப் போயிருக்கிறது என்று நினைத்தேன்.

செல்லக்கனி கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள், குடித்தார்கள். கிளம்பவில்லை. வண்டிக்காரன் வாசலில் வந்து நின்றான். "இருப்பா, என்ன அவசரம்?" என்றார் அப்பா. தாய்மாமன் இன்னொரு காப்பி கேட்டார். மழையைப் பற்றிப் பேசினோம், உப்பு விலை பேசினோம், கொற்கையில் ஒரு காலத்தில் முத்து விற்றதைப் பற்றிக்கூடப் பேசினோம். யாரும் அசையவில்லை. உள்ளே தாயாரும் செல்லக்கனியும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. நாற்காலிக் கதையை அவளே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. மாப்பிள்ளைப் பையன் அவள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்தோஷம் தாங்காமல் நானும் போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் விஷயம் விளங்கியது. காலமெல்லாம் கடலில் ஊறிய பலகை உப்பைக் குடித்து வைத்திருக்கும். ஈரக்காற்று பட்டால், அடுப்படி உப்புச்சாடி கசிவதுபோல வியர்த்துக்கொட்டும். வெள்ளை வேட்டியோடு அதில் உட்கார்ந்த எவனும் நாலு பேர் முன்னால் எழுந்து முதுகைக் காட்ட முடியாது. காய்ந்தபின் எழலாம் என்று மூவரும் காத்திருந்தார்கள். பெஞ்சோ காய்கிற உத்தேசத்திலேயே இல்லை.

அப்போது தாயார் வெளியே வந்தார். "எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. ஒங்களுக்கும் புடிச்சுத்தான இருக்கு? இல்லாட்டா ஒரு வீட்டுல இம்புட்டு நேரம் உக்கார மாட்டியளே!" அப்பா மகனைப் பார்த்தார். மகன் அவசரமாகத் தலையாட்டினான். அவனுக்கு ஈரம் உறைத்ததாகவே தெரியவில்லை. "ஆமா, புடிச்சிருக்கு" என்றார் அப்பா. பிறகு என் காதோரம் சாய்ந்து, "தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி, உள்ள ஒரு வேட்டி கெடைக்குமா?" என்றார். "எடுத்துத் தரத்தான் ஆசை. நானும் எந்திரிக்க முடியாமத்தான் இருக்கேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பெஞ்சைத் தடவிப் பார்த்தார், விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் தெருப் பூனைகள் ஓடிவிட்டன. முத்தையாபுரத்துக்கு அவர்கள் போகவேயில்லை.

தட்டு மாற்றி, வேட்டி மாற்றி, அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தேன். குற்றம் செய்தவன்போலத் தச்சுப் பெட்டியை நானே தூக்கி வாசலில் வைத்து, "பெஞ்சையும் நாளைக்கே இழைச்சு, வார்னிஷ் அடிச்சுச் சரிபண்ணிருதேன்" என்றேன். பொன்னுத்தாய் ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். "அந்தப் பெஞ்சுல மட்டும் கை வச்சிராதிய! இன்னும் முத்துக்கனி ஒருத்தி இருக்கால்லா?"

உட்கார்ந்தவனை எழுந்திருக்க விடாததுதான் நல்ல பெஞ்சுக்கு அடையாளம் என்றால், அன்பர்களே, தூத்துக்குடியில் என்னை மிஞ்சிய தச்சன் இன்றுவரை பிறக்கவில்லை.