ரேணிகுண்டாவில் நின்ற நீலப் புள்ளி

இன்று காலை என் கணவர் சைக்கிள் கூட்டத்தோடு காளஹஸ்தி போனார். அவர் திருப்பதிக்குத் திரும்பும்போது, வழக்கம்போல மடியில் குழந்தையும் கையில் போனுமாக, சைக்கிள் ஆப்பில் அவருடைய நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேணிகுண்டாவில் புள்ளி நின்றுவிட்டது.

இருபது நிமிடம். ஆறு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

பிறகு நகர்ந்தது, மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில்! சைக்கிள் அப்படிப் போகாது. ஆம்புலன்ஸ்தான் போகும்.

அவருடைய நண்பர் பிரபுவுக்குப் போன் செய்தேன். சிரிக்கிறார்.

"அண்ணி, செயின் அறுந்துபோச்சு, வேன்ல ஏறிக்கினேன்னு எங்க சைக்கிள் வாட்ஸ்அப் குரூப்ல போட்டானே! ஆப்பை நிறுத்த மறந்துட்டான். ரெக்கார்டு போட்டுக்கினு வரான்!"

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு தக்காளி வேன். ஒரு கையில் சைக்கிளும் மறு கையில் அறுந்த செயினுமாக இறங்கினார்.

"குரூப்புக்குச் சொன்னீங்க, எனக்குச் சொல்லலையே?"

"நீ பயப்படுவியேன்னுதாம்மா போனே எடுக்கல. எதுக்கு அழுதுகினு கீற?"

குரூப்பில் அதற்குள், "தலைவா, செயின் இல்லாமலே இந்த ஸ்பீடா?" என்று ஒருவர். "செயினைக் கழட்டினா வெயிட்டு கொறையும்பா" என்று இன்னொருவர்.

ஆப்பின் ரேணிகுண்டா–திருப்பதி வேகப் பட்டியலில் முதலிடம் இன்னும் இவருக்குத்தான். அழிக்கச் சொன்னேன். "ஒரு ராத்திரி இருக்கட்டுமே" என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு இவரை விடலாமா? இல்லை, அந்தத் தக்காளி வேன்காரரின் நம்பரை முதலில் வாங்கி வைக்கட்டுமா?