மாமியின் வெள்ளைச் சூப்

கோதுமை மாவைப் பட்டரில் வறுக்கும் மணம் எங்கே வந்தாலும், அடைமழையில் நனைந்து கிடந்த எங்கள் குசினியும், அதன் நடுவே கதிரை போட்டு அமர்ந்திருந்த மாமியும் நினைவுக்கு வந்து எனக்கு எரிச்சல் மூளும். அப்பாவின் தங்கையான இந்த மாமி, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டக் கிளாக்கர் ஒருவரைக் கட்டியதைத் தவிர வேறெதையும் சாதித்தவளல்ல. துரை பங்களாவின் பின்வாசல் வரை போய்வந்தவள், தானே துரைசானி என்று நினைத்துக்கொண்டாள். மாரி பிடித்ததும் உமல் பை நிறையக் கரட்டும் லீக்ஸும் திணித்துக்கொண்டு மட்டக்களப்புக்கு ரயிலேறிவிடுவாள். "குளிருக்குச் சூப் குடிக்கணும். நீங்க என்னெண்டா காட்டுச்சனம் மாதிரித் தேங்காய்ப்பால் சொதியக் காய்ச்சிக் குடிக்கிறீங்க" என்பாள். ஒரு துவாயைப் போர்த்தினால் போய்விடும் எங்கள் ஊர்க் குளிர்.

அவித்த மரக்கறியை அரிதட்டில் தேய்த்து மசிப்பது அம்மா. வறுத்த மாவில் பாலூற்றிக் கட்டிபடாமல் துழாவுவதும் அம்மா. இறுதியில் ஒரு கரண்டி பாலாடையை மேலே விட்டு, "நான் வெச்ச சூப்" என்று சொல்வது மட்டும் மாமி. நோயாளிக் கஞ்சிகூட அதைவிட ருசியாக இருக்கும்.

அறுபதுகளில், எனக்குப் பதினொரு வயதான மாரியில், அக்காவுக்குக் குருக்கள்மடம் ஊரிலிருந்து சம்பந்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார் என்பதால், அப்பா பல வருடம் பாடுபட்டு எங்கள் வளவிலேயே அக்காவுக்கொரு கல்வீடு கட்டி முடித்திருந்தார். மாப்பிள்ளையின் தாய் வந்து வீட்டைப் பார்த்து, கை நனைத்துவிட்டுப் போனால் காரியம் முடிந்தது. கோயில் திருவிழாவில் மாப்பிள்ளையை ஒருமுறை கண்டிருந்த அக்கா, அந்த வாரம் முழுவதும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

விருந்துக்குச் சூப் வைத்தே தீரவேண்டும் என்று மாமி ஒற்றைக்காலில் நின்றாள். அன்று பார்த்து வெள்ளத்தால் பால்காரர் வரவில்லை. இத்தனை காலம் தேங்காய்ப்பாலைப் பழித்த அதே வாயால், "முதற்பாலப் பிழிஞ்சி விடு மச்சாள், ஆருக்குத் தெரியப்போகுது?" என்று அம்மாவின் காதில் ஓதினாள்.

மாப்பிள்ளையின் தாய் சூப் கோப்பையைத் தொடாமல், சோறு வரும்வரை பொறுமையாக இருந்தார். சோறு வந்ததும் சூப்பை அதன்மேல் ஊற்றி, நன்றாகப் பிசைந்து ஒரு வாய் உண்டுவிட்டு, எங்கள் அம்மாவிடம் அன்பாகவே கேட்டார்: "என்னகா, சொதிக்குப் புளி விடல்லியா?"

மாமி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, அது சொதியில்ல, சூப்! கரண்டியால குடிக்கிற!" அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். உண்மையில் மாப்பிள்ளையின் தாயின் நாக்குத்தான் சரி. தேங்காய்ப்பாலில் கொதித்த மரக்கறி சொதியல்லாமல் வேறென்ன? அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். மறுநாள் தரகர் வந்து சொன்ன சேதி இதுதான்: "எங்கட புள்ள கையால சோறு தின்னுறவன். அந்த வீட்டுல வாழ அவனுக்குத் தெரியா."

அதன்பின் வந்த சம்பந்தங்களுக்கு அக்கா முகம் கொடுக்கவே இல்லை. கிளாக்கர் ஓய்வு பெற்றதும், "சும்மாதானே கிடக்குது" என்று அக்காவின் வீட்டில் குடியேறியது யார் என்று நினைக்கிறீர்கள்? மாமியேதான். சாகும்வரை அங்கேயே இருந்தாள்.

இன்று மாமியும் இல்லை, அந்த வீடும் இல்லை. வாவிக்கரை ஹோட்டல்களில் கல்யாண விருந்துக்கு முதலில் சூப்தான் வருகிறது. எல்லோரும் கரண்டி பிடிக்கிறார்கள், புளி போதாதென்று வாய்விட்டுச் சொல்ல ஒருவருமில்லை. போன மாதம் அப்படியொரு விருந்தில் என் பக்கத்தில் இருந்த அக்கா, கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "மாமி சிரிச்சத்த நான் எப்பவோ மறந்திட்டன்" என்றாள்.

என் சிரிப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.