சுமைதாங்கிக்குப் பூட்டு

எங்கள் ஊர்ச் சுமைதாங்கிக் கல்லைச் சுற்றி இரும்பு வேலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் நான். ஆகவே யாரைத் திட்டத் தொடங்கினாலும் என்னிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கடற்கரையிலிருந்து சந்தைக்கு ஏறும் பாதையில், பாதி வழியில் நிற்கிறது அந்தக் கல். இரண்டு தூண்கள், குறுக்கே ஒரு பலகைக்கல், தலை உயரம். தலையில் இருக்கும் மீன் கடவத்தை, அந்தப் பெரிய ஓலைப்பெட்டியை, யார் உதவியும் இல்லாமல் அதன்மேல் நகர்த்தி வைக்கலாம். மூச்சு வாங்கிவிட்டு, குனியாமல் மறுபடி தலைக்கு ஏற்றலாம். பிள்ளைப்பேற்றில் இறந்த ஒரு பெண்ணுக்காக நட்டது என்பார்கள். இன்றும் ஏழெட்டுப் பெண்கள் நடந்துதான் போகிறார்கள். மீன் தண்ணீர் சொட்டும் கடவத்தை ஏற்ற எந்த ஆட்டோக்காரனுக்கும் மனம் வருவதில்லை.

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அந்தக் கல்லில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டார்கள். எனக்குக் கொதித்தது. ஆயுளில் பாதியை வருவாய்த் துறையில் கழித்தவன். எந்த மனு எந்த மேசையில் தூங்கும், என்ன எழுதினால் எழுந்து நடக்கும் என்று தெரியும். தொன்மைச் சின்னமாக அறிவிக்கக் கேட்டு விண்ணப்பித்தேன். படிவத்தில் ஒரு கேள்வி: 'தற்போது பயன்பாட்டில் உள்ளதா?' 'ஆம்' என்றால் கோப்பு சாலைக்காரர்களிடமே திரும்பும். மாற்று ஏற்பாடு செய்வதாக ஒரு வரி எழுதிவிட்டு அவர்கள் இடித்துவிடுவார்கள். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கல் தப்பியது. சாலை ஒதுங்கிப் போனது. பிறகு வேலி வந்தது, 'தொடுவோர் தண்டிக்கப்படுவர்' என்ற பலகையும் வந்தது. வட்டக்கோட்டை பார்க்கப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வேலி போட்ட மறுநாள் காலை, சாளை மீன் கடவத்தோடு வந்த மீன்காரி வேலிமுன் நின்றாள். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"சாரே, கல்லுக்கு ஜெயிலு வாங்கிக் குடுத்தது நீருதானா?"

"இடிக்காம காப்பாத்தினேன்லா."

"காப்பாத்தினீரு! நான் இத எங்கன இறக்க, உமக்க தலையிலயா? வாயப் பாத்துட்டு நிக்காம ஒரு கை பிடியும்."

பிடித்தேன். இறக்கியதும் அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "படிச்சவருல்லா நீரு, படிச்சவரு. நல்லா இருப்பீரு!"

நேராகத் தொல்லியல் துறை அலுவலகத்துக்குப் போய், காலையில் மட்டுமாவது பூட்டைத் திறக்கச் சொன்னேன். அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். கோப்பை என் பக்கம் திருப்பி, நான் எழுதிய 'இல்லை'யின்மேல் விரல் வைத்தார்.

"உபயோகத்துல இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க சார். இப்ப இருக்குன்னா, அப்ப பொய் சொன்னீங்களா?"

இதே அமைதியான குரலில் எத்தனை பேரை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்! அவரை அறையத் தோன்றியது. சட்டப்படி அவர் செய்தது சரி என்பதால் ஆத்திரம் இரண்டு மடங்கானது.

வெளியே வந்து, மரத்தடியில் நின்று புது மனு எழுதினேன். கல் எப்போதும் பயன்பாட்டில்தான் இருந்தது. அறிந்தே பொய் எழுதினேன். என்மீது நடவடிக்கை எடுத்துவிட்டுக் கதவைத் திறக்கவும். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை திரும்பி வந்துவிட்டது. பதில் வரவில்லை, நடவடிக்கையும் இல்லை.

பூட்டைத் திறக்கும்வரை என்று, தினமும் காலை ஏழு மணிக்கு வேலியருகே போய் நிற்கிறேன். ஏழெட்டுக் கடவங்களை இறக்கி, திரும்ப ஏற்றிவிட வேண்டும். "மெதுவா சாரே, மீனு சிதறும்" என்று அதட்டுகிறார்கள். ஒருத்திகூட இன்னும் நன்றி சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.