முக்காலிக்காரி

எங்கள் ஆபீசுக்கு இந்த வருடத்தோடு இருபத்தைந்து வயது. அதற்காக ஒரு புத்தகம் போடுகிறார்கள். வழவழப்பான தாள், கட்டிய வீடுகளின் கலர் படங்கள், வேலை செய்தவர்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம். "உங்க ஓரகத்தியைப் பத்தி நீங்களே எழுதிடுங்க. உங்களை விட யாருக்கு நல்லாத் தெரியும்?" என்றார் முதலாளி. ஒரு பக்கம் போதுமாம். என் வயிற்றெரிச்சல் ஒரு பக்கத்தில் அடங்குகிற சங்கதியா?

அவள் என் கணவரின் தம்பி மனைவி. நான் ஐந்து வருடம் கட்டடக்கலை படித்தவள். அவள் மூன்று வருட டிப்ளமோ. நான் இந்த ஆபீசில் சேர்ந்து ஏழு வருடம் கழித்து, "வீட்ல சும்மாதானே இருக்கா, உன்கூடக் கூட்டிட்டுப் போயேன்" என்று மாமியார் சொன்னதால் நானே கைப்பிடித்துக் கூட்டி வந்தேன். அந்தக் கையை இன்றைக்கும் அவ்வப்போது முறைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அவள் அப்பா கூரைக்கு ஓடு போடுகிறவர். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று, அப்பா வேலை செய்யும் வீட்டுக்கே வந்துவிடுவாளாம். உட்கார ஒரு முக்காலி கொடுப்பார்கள். நிழல் எங்கே போகிறதோ அங்கே முக்காலியை இழுத்துப் போட்டு வீட்டுப்பாடம் எழுதுவாளாம். தினமும் அதே நேரம், தினமும் அதே சாயங்கால வெயில். அதனிடம் அவள் ஏமாந்ததே இல்லை.

வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு மனை வந்தால் கோடு போடுவதற்கு முன்னால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவாள். காலையிலிருந்து இருட்டும்வரை வெற்று நிலத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் செய்ய மாட்டாள். முக்காலியை நகர்த்துவாள், நோட்டில் மணியை எழுதுவாள். "முக்காலிக்காரி" என்று முதலில் பெயர் வைத்தது நான்தான். நக்கலுக்குத்தான் வைத்தேன். மேஸ்திரிகள் அதையே மரியாதையாக, "முக்காலி மேடம் எப்ப வர்றாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆபீஸ் மாடியில் இருக்கிறது, கீழே சாவி செய்கிற கடை. நாளெல்லாம் அரத்தின் கீச்சுச் சத்தம். அதற்கு நடுவே வருகிறவர்கள் போனை நீட்டுவார்கள். எல்லார் போனிலும் ஒரே வீடுதான். கடலோரத்தில் வெள்ளை வெளேர் என்று சுவர், நீலக் கதவு, சிவப்பு ஓடு, வரிசையாக வளைவுகள் வைத்த தாழ்வாரம். "மெடிட்டரேனியன் ஸ்டைல்ல வேணும் மேடம்." அப்படி ஒரு முகப்பை நான் இரண்டே நாளில் வரைந்துவிடுவேன். தற்பெருமை இல்லை, என் வளைவைப் போல இந்த ஊரில் யாரும் வரைய முடியாது.

அப்படி வந்தவர்தான் பல் டாக்டர். நான் வரைந்து வைத்த முகப்பைப் பார்த்து வாயைத் திறந்தவர் மூடவில்லை. பல் டாக்டர் வாயையே திறக்க வைத்துவிட்டோம் என்று நான் மிதந்துகொண்டிருந்தபோது இவள் மூலையிலிருந்து மெதுவாக ஆரம்பித்தாள்.

"டாக்டர், அந்த ஊர்லயும் வெயில் கொளுத்தும். அதுக்காகத்தான் சுவரை அவ்ளோ தடிமனா கட்டி, ஜன்னலைச் சின்னதா உள்ளே தள்ளி வெச்சாங்க. தாழ்வாரம் அழகுக்கு இல்லை, நிழலுக்கு. முகத்தை மட்டும் எடுத்துட்டு வந்தா வீடு வேகும்."

"அப்ப என்ன பண்ணலாம்?" என்றார் அவர், என் படத்தைக் கீழே வைத்துவிட்டு.

அவள் முக்காலியோடு மனைக்குப் போனாள். பிறகு நம் ஊர்ப் பழைய கடைவீதிக்குப் போய், அங்கே வீடுகளில் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கும் காற்றுச் சுவர்களை அளந்து வந்தாள். மேற்கே தடித்த சுவர், அதற்கு வெளியே வளைவுத் தாழ்வாரம், அதன் தூண்களுக்கு நடுவே அந்தக் காற்றுச் சுவர். கிழக்கே மட்டும் பெரிய பெரிய ஜன்னல்கள். நடுவில் சின்ன முற்றம். அந்தக் கடல் வீடும் நம் கடைவீதி வீடும் ஒன்றையொன்று முன்பே தெரிந்தவை போல அந்த பிளானில் உட்கார்ந்திருந்தன.

வளைவு மட்டும் அவளுக்கு வராது. வாளிக் கைப்பிடி மாதிரி இருக்கும். "அக்கா, இதைக் கொஞ்சம் சரி பண்ணித் தர்றீங்களா?" என்று என்னிடம் வந்தாள். சரி செய்து கொடுத்தேன். வீடு முடிந்தபோது ஊரே வந்து பார்த்தது. மத்தியானத்தில் மின்விசிறிகூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று டாக்டர் மனைவி பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வளைவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் காதில் புகை வராதது ஒன்றுதான் பாக்கி.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்து வந்ததுதான் அடிவயிற்றில் கை வைத்தது. மாமனார் வாங்கிப் போட்டிருந்த மனையில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே வீடாகக் கட்டலாம் என்று முடிவானது. பதினோரு வருடம் அடுத்தவர் வீட்டை வரைந்தவள் நான். என் வீட்டை மனதுக்குள் எத்தனையோ தடவை கட்டி இடித்திருக்கிறேன். பிளான் யாருடையது என்ற கேள்வியே எழாது என்று நினைத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமியார் கூசாமல் சொன்னார்: "சின்னவளே போடட்டுமே. டாக்டர் வீடு எவ்ளோ குளுகுளுன்னு இருக்கு."

என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் தலையைத் தூக்குகிறவராக இருந்தால் என் கதையே வேறு. மாமனார்தான் நியாயம் பேசினார். "ரெண்டு பேரும் ஆளுக்கொன்னு போட்டுக் கொண்டாங்கம்மா. பத்து நாள் டைம். எல்லாரும் உக்காந்து பாத்து முடிவு பண்ணலாம்."

அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மனைக்குப் போனாள். நான் ஆபீசில் உட்கார்ந்து எட்டு நாள் கோடு போட்டு எட்டு நாளும் அழித்தேன். எதைப் போட்டாலும், இதை அவள் எப்படிப் போட்டிருப்பாள் என்றே புத்தி ஓடியது. ஒன்பதாம் நாள் அவள் கம்ப்யூட்டரைத் திறந்து டாக்டர் வீட்டு பிளானை எடுத்தேன். ஆமாம், திருடினேன். அப்படியே வைக்க முடியாது. எங்கள் மனையில் வலது மூலையில் கரண்ட் கம்பம், வாசல் இடது பக்கம்தான் வந்தாக வேண்டும். அதனால் பிளானைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பினேன். ஒரு பட்டனைத் தட்டினால் போதும், முழு வீடும் திரும்பிவிடும். கிளார்க்கிலிருந்து முதலாளிவரை எங்கள் தொழிலில் எல்லாரும் தட்டுகிற பட்டன் அது. அதன்மேல் என் வளைவுகளைப் போட்டேன், கலர் கொடுத்தேன். பெரிய வளைவு ஜன்னல்கள் வைத்த அறையை எனக்கென்று எழுதிக்கொண்டேன். தடித்த சுவருக்குப் பின்னால் தாழ்வாரத்தைப் பார்த்துக் கிடக்கிற அறையைப் பெருந்தன்மையாக அவளுக்குக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் என் படம் ஜெயித்தது. அவளுடையது பென்சில் கோடுகள், பக்கத்தில் மணிக்கணக்குகள். அதை யாரும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மாமியார் என் வளைவுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். இவளும் என் படத்தை வாங்கிப் பார்த்தாள். மாடிப்படி திரும்புகிற இடத்தில் அவள் விரல் நின்றது. அந்தத் திருப்பம் அவளுடையது. இப்போது சொல்லப் போகிறாள், எல்லார் முன்னாலும் மானம் போகப் போகிறது என்று இருந்தேன்.

"அக்கா, நம்ம மனைல சாயங்காலம் ஒருதடவை போய் உக்காந்து பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கு முக்காலியெல்லாம் தேவையில்லம்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கட்டட மேற்பார்வை அவளுக்கு வந்தது. அஸ்திவாரம் தோண்டும்போது ஒருநாள் போனேன். என் அறைச் சுவருக்கு வெளியே ஐந்தடி தள்ளி, படத்தில் இல்லாத ஒரு பள்ளம் நீளமாகப் போனது. "இது எதுக்கு?" என்றேன். "செடித் தொட்டி கட்டலாம்னு அக்கா" என்றாள். செடித் தொட்டிக்கு இவ்வளவு ஆழமா என்று தோன்றியது. கேட்டால் அவள் ஏதாவது விளக்குவாள், அது சரியாக இருந்து தொலைக்கும் என்று கேட்கவில்லை.

குடி போன முதல் கோடையில்தான் புரிந்தது. பட்டனைத் தட்டினால் வீடு திரும்பும், சூரியன் திரும்பாது. டாக்டர் வீட்டில் கிழக்கே இருந்த பெரிய ஜன்னல்கள் எங்கள் வீட்டில் மேற்கே போயிருந்தன. மூன்று மணிக்கு என் அறைக்குள் நுழைகிற வெயில் இருட்டும்வரை சொந்தக்காரனைப் போல உட்கார்ந்திருந்தது. சுவர் அதற்குப் பிறகும் விடாமல் அனல் கக்கியது. நான் அவளுக்குத் தள்ளிவிட்ட அறையோ கிணற்றடி போலக் குளிர்ந்து கிடந்தது. என் கணவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். "இது ரூமா, அடுப்பா?" என்றார். அவர் தலையைத் தூக்கிப் பேசியது அன்றைக்குத்தான்.

நான் விடவில்லை. மூன்றடுக்குத் திரை போட்டேன். யார் கேட்டாலும் "காத்து சும்மா பிச்சுக்கிட்டு வருது" என்றேன். "அக்கா, வேணும்னா ரூம் மாத்திக்கலாமா?" என்று அவள் ஒருதடவை கேட்டாள். "ஏன், என் ரூம்மேல கண்ணா?" என்று கேட்டுவிட்டேன். பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. இப்படி இரண்டு கோடை வெந்தேன்.

மூன்றாவது கோடையில் ஒரு சாயங்காலம், துவைத்த துணியைக் கொடுக்க என் அறைக்கு வந்தாள். ஜன்னல் ஓரம் வைத்திருந்த என் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்தாள். வெயிலில் இளகி அழகாக வளைந்திருந்தது. அதை இரண்டு கையிலும் பிடித்து அவள் பார்த்த பார்வையில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது.

"எரியுதுடி. ரெண்டு வருஷமா எரியுது. அது உன் பிளான். திருப்பிப் போட்டேன்."

"தெரியும் அக்கா."

"அப்ப ஏன் சொல்லலை?"

"எல்லாரும் இருந்தாங்களே. சொன்னா நீங்க என் பிளானை எடுத்தீங்கன்னும் சேர்த்துத்தானே சொல்லணும்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே இன்னும் ஒரு செடியும் வைக்காத அந்தத் தொட்டியைக் காட்டினாள். "தாழ்வாரத்துக்கு அஸ்திவாரம் அன்னைக்கே போட்டாச்சு. மேல எழுப்புறதுதான் பாக்கி. வளைவை நீங்கதான் வரையணும். எனக்கு வாளிக் கைப்பிடிதான் வரும்."

ஐந்து வளைவு. தூண்களுக்கு நடுவே அவளுடைய காற்றுச் சுவர். இதை அந்த அறையில் சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். தாளின்மேல் செங்கல் இடைவெளிகளின் நிழல் விழுகிறது. வேர்க்கவில்லை. முதல் பள்ளம் தோண்டும்போதே நான் என்றைக்காவது அழுவேன் என்று தெரிந்து இடம் விட்டு வைத்தவள்மேல் பொறாமைப்படாமல் எப்படி இருப்பது? எனக்குத் தெரியவில்லை.

புத்தகத்தின் அட்டைக்கு அந்தத் தாழ்வாரத்தின் படத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். வடிவமைப்பு என்று கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது. நேற்று மாதிரித் தாளை அவளிடம் காட்டினேன். "வளைவு நல்லா விழுந்திருக்கு அக்கா" என்றாள். அச்சுக்குப் போக இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அவள் பெயரையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். முதலாளி இன்று காலையில் இரண்டு தடவை என் மேசைப் பக்கம் வந்து போனார். இன்னும் சொல்லவில்லை.